வெள்ளம் வந்தால் கால்வாயை மட்டும் ஏசாதீர்கள்

கோலாலம்பூரில் ஒரு மணி நேரம் அடித்துப் பெய்தால் போதும், குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் படங்கள் வரத் தொடங்கிவிடும். பாதி மூழ்கிய கார், மஸ்ஜிட் ஜாமெக் பக்கம் முழங்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்தபடி நடப்பவர்கள், கால்வாய் வாயை அடைத்துக்கொண்டிருக்கும் சாப்பாட்டுப் பெட்டிகள். படத்துக்குக் கீழே தீர்ப்பும் வந்துவிடும். குப்பை போடுகிறவர்களைப் பிடித்து உள்ளே போடவேண்டும் என்பார் ஒருவர். எல்லாம் இந்தக் கொண்டோக்களால் வந்தது என்பார் இன்னொருவர். வெள்ளத்தைத் தடுக்க ஸ்மார்ட் சுரங்கம் கட்டினார்களே, அது என்ன ஆச்சு என்று மாமா ஒருவர் கேட்பார்.

மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றும் விஷயத்தின் ஓரத்தில்தான் நிற்கின்றன. 'நீடித்து நிலைக்கும் நகர வளர்ச்சி' என்று மேடையிலும் வீடு விற்கும் விளம்பரத்திலும் சொல்கிறார்களே, அதைப் புரிந்துகொள்ள மழைநீரைவிட நல்ல வழி இல்லை. மரங்களை வெட்டியதால் ஊர் சூடாவதை உணர ஆண்டுகள் ஆகும். தண்ணீர் அன்று சாயங்காலமே கணக்கைக் காட்டிவிடும்.

தைப்பூசத்துப் படிக்கட்டு

பத்துமலையில் 272 படிகள். தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கில் பக்தர்கள் வருகிறார்கள், எல்லாரும் ஏறி இறங்கியும் விடுகிறார்கள். எப்படி முடிகிறது? ஒரே நேரத்தில் வராததால். முதல் நாள் இரவே வருகிறவர்கள் உண்டு, விடியற்காலை பால்குடம் எடுப்பவர்கள் உண்டு, கூட்டம் தணியட்டும் என்று மாலையில் வருகிறவர்களும் உண்டு. அதே கூட்டம் முழுவதும் காலை ஏழு மணிக்குப் படிக்கட்டின் அடியில் வந்து நின்றால் என்ன ஆகும்? ஆள் கூடவில்லை, படியும் குறையவில்லை, ஆனாலும் நெரிசலில் விபத்துதான் நடக்கும்.

சரி, படியை அகலமாக்கிவிடலாமே? ஆக்கலாம். அப்போது நெரிசல் படிக்கட்டை விட்டு மேலே குகை வாசலுக்குப் போய்விடும்.

ஆறும் இப்படித்தான். ஒரு நாளில் எவ்வளவு மழை பெய்தது என்பதைக் காட்டிலும், அந்தத் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் ஆற்றுக்கு வந்து சேர்ந்தது என்பதுதான் திடீர் வெள்ளத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு மழையின்போது ஆற்றில் ஒரு விநாடிக்கு ஓடும் தண்ணீர் எந்த நிமிடத்தில் மிக அதிகமாக இருக்கிறதோ, அந்த அளவுக்கு உச்ச ஓட்டம் என்று பெயர். கரையைத் தாண்டுவதும் தாண்டாததும் அந்த ஓர் எண்ணில் இருக்கிறது.

ஒரு தரை வீட்டின் கணக்கு

தண்ணீர் ஏன் ஒரே நேரத்தில் வருகிறது? பெரிய கட்டடங்களை விட்டுவிட்டு, நாம் குடியிருக்கும் வீட்டிலிருந்து தொடங்குவோம்.

தாமான் என்று நாம் சொல்லும் குடியிருப்புகளில் சாதாரணமாகப் பார்க்கும் இரண்டு மாடி வரிசை வீட்டின் மனை 20 அடிக்கு 70 அடி. ஏறத்தாழ 130 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு மணி நேரத்தில் 60 மில்லிமீட்டரைத் தாண்டினால் அதை மிகக் கனத்த மழை என்று வடிகால் நீர்ப்பாசனத் துறை வகைப்படுத்துகிறது. கோலாலம்பூரில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மத்தியானத்துக்கு மேல் இடியோடு பெய்யும் மழைக்கு அது பெரிய விஷயம் அல்ல. இந்த நகரத்தில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. சென்னைக்குக் கிடைப்பது 1,400 அளவில்.

அப்படியானால் அந்த ஒரு மணி நேரத்தில் நம் மனை மீது விழுவது 7,800 லிட்டர். மண்ணுக்குள் இறங்காமல் தரை மேலாக ஓடிவிடும் பங்குக்கு ஓடுநீர் என்று பெயர். சிமெண்டு, தார், கூரை ஓடு ஆகியவற்றில் விழுவதில் பத்தில் ஒன்பது பங்கு ஓடுநீராகிவிடும். புல்தரையில் சுமார் மூன்று பங்கு ஓடும். மரமும் சருகும் அடர்ந்த நிலத்தில் இன்னும் குறைவு. மண் ஏற்கெனவே ஊறிப்போயிருந்தால் இந்த எண்கள் ஏறும். இங்கே ஓர் உத்தேசக் கணக்குத்தான்.

வீடு கைக்கு வந்தபோது முன்னால் கொஞ்சம் புல், பின்னால் கொஞ்சம் மண் என்று 40 சதுர மீட்டர் திறந்த தரை இருந்ததாக வைத்துக்கொள்வோம். அப்போது கால்வாய்க்குப் போவது சுமார் 5,600 லிட்டர். பிறகு நடப்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. இரண்டாவது கார் வருகிறது, முன்னால் இருந்த புல்லை எடுத்துவிட்டு டைல்ஸ். பெரிய பெண்ணின் கல்யாணத்துக்கு முன்பு அடுப்படியைப் பின்சந்து வரை இழுத்துக் கட்டுகிறோம். கறிவேப்பிலை மரம் பூத்தொட்டிக்கு மாறுகிறது. முருங்கை போயே போய்விடுகிறது. இப்போது அதே மழைக்கு 7,000 லிட்டர் கால்வாய்க்குப் போகிறது. 1,400 லிட்டர் கூடுதல்.

ஒரு வீட்டுக்கு இது ஒன்றுமில்லை. 500 வீடுகள் உள்ள தாமானில் ஒரே மணி நேரத்தில் 7 லட்சம் லிட்டர். கால்வாய் மட்டும் தாமான் கட்டிய நாளில் போட்ட அதே அளவில்தான் இருக்கிறது. அடைத்த சாப்பாட்டுப் பெட்டி நிலைமையை மோசமாக்கும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் பெட்டியே இல்லாவிட்டாலும் அந்தக் கால்வாய் இந்தத் தண்ணீருக்காகக் கட்டப்பட்டதல்ல.

தோட்டமும் ஈயக்குட்டையும் சும்மா செய்துகொடுத்த வேலை

தாமான் வருவதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது? பங்சார் ரப்பர்த் தோட்டமாக இருந்தது. புக்கிட் ஜாலில் தோட்டமாக இருந்தது. 1998 காமன்வெல்த் விளையாட்டுகளுக்காக அதன் நிலத்தில்தான் அரங்கங்கள் எழுந்தன. நம்மில் பலருக்கு அப்பாவோ தாத்தாவோ இப்படி ஏதாவது ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர்களாக இருப்பார்கள்.

மேட்டு நிலத் தோட்டங்களில் மரவரிசைகளுக்கு நடுவே, சரிவுக்குக் குறுக்காக, நீளவாட்டில் குழிகள் வெட்டி வைப்பார்கள். ஓடிவரும் மழைநீர் அதில் தங்கி, மண்ணை அங்கேயே விட்டுவிட்டு, மெதுவாகத் தரைக்குள் இறங்கும். மண் அரிக்கக்கூடாது என்பதுதான் துரைமாரின் கவலை. கீழே இருக்கும் ஊருக்கு வெள்ளம் போகக்கூடாது என்பது யாருடைய யோசனையிலும் இல்லை. ஆனால் இன்று நகரத் திட்டமிடுபவர்கள் பெரிய பெயர் வைத்துக் கேட்கும் வேலையை, மண்வெட்டி பிடித்த நம் ஆட்கள் அன்றே செய்துவைத்தார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

இன்னொன்று ஈயக்குட்டை. ஈயம் தோண்டி முடித்த பள்ளங்களில் தண்ணீர் தேங்கி, கோலாலம்பூரைச் சுற்றி நூற்றுக்கணக்கில் குட்டைகள் உண்டாயின. தித்திவங்சா ஏரி அப்படி வந்ததுதான். மழை பெய்தால் அக்கம்பக்கத்துத் தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடும். பிறகு பலவற்றை மண் கொட்டி மூடி, மேலே வீடும் கடையும் கட்டினார்கள். அங்கே தங்கிவந்த தண்ணீர் எங்கே போகும் என்று அப்போது யார் கேட்டார்கள்?

இதுவரை பார்த்ததைச் சேர்த்து வைத்துக்கொள்வோம். முன்பும் கனத்த மழை கொட்டியது, ஆனால் தண்ணீர் பல மணி நேரம் எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு வந்தது. தரையை மூடினோம், குட்டைகளைத் தூர்த்தோம், தண்ணீர் அரை மணியில் வந்து நிற்கிறது. உச்ச ஓட்டம் ஏறுகிறது.

பெரிய கால்வாய், நேரான ஆறு, ஸ்மார்ட்

கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் சேரும் இடத்தில் பிறந்த ஊர் இது. மஸ்ஜிட் ஜாமெக் நிற்பது அந்தக் கூடலில்தான். வெள்ளம் புதிதல்ல. 1881-இல் தீயும் வெள்ளமும் ஒரே ஆண்டில் வந்து மரவீடுகளை அழித்தன. அதற்குப் பிறகு செங்கல்லில் கட்டச் சொன்னதால் சூளைகள் வந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். 1926-இல் ஒரு பெருவெள்ளம். 1971 ஜனவரியில் வந்தது தேசியப் பேரிடராக அறிவிக்கப்பட்டது.

1971-க்குப் பிறகு ஆற்றைப் பெரிய வடிகால் போலவே நடத்தினார்கள். வளைவுகளை நேராக்கினார்கள், கரைகளுக்குக் காங்கிரீட் போட்டார்கள். 1987-இல் 'பத்து' என்ற பெயருள்ள ஆற்றில் ஓர் அணை வந்தது. அணை தண்ணீரைத் தாமதப்படுத்தும், நல்லது. ஆனால் நேராக்கிய ஆறு வேறு வேலை செய்கிறது. இங்கிருந்து சீக்கிரம் கிளம்பும் தண்ணீர் கீழே இருப்பவர்களிடம் சீக்கிரம் போய்ச் சேரும். படிக்கட்டை அகலமாக்கிய கதைதான். கோலாலம்பூரின் நிம்மதிக்கு ஷா ஆலமும் கிள்ளானும் விலை கொடுக்கலாம்.

ஸ்மார்ட் சுரங்கத்தைப் பற்றிக் கேட்ட மாமாவுக்கு இங்கே பதில் சொல்லிவிடலாம். 2007-இல் திறக்கப்பட்ட இந்தச் சுரங்கம் 9.7 கிலோமீட்டர் நீளம். கிள்ளான் ஆற்றோடு அம்பாங் ஆறு சேரும் பகுதியில் தண்ணீரை வாங்கி, நகர மையத்துக்கு அடியில் கொண்டுபோய், தாமான் டேசா குளத்தில் சேர்த்து, கெராயோங் ஆறு வழியாக விடுகிறது. நடுவில் சில கிலோமீட்டருக்கு இரண்டு அடுக்குச் சாலையும் இருக்கிறது. பெருமழை என்றால் வாகனங்களை வெளியேற்றிவிட்டு அதையும் தண்ணீருக்குக் கொடுத்துவிடுவார்கள். குளங்களையும் சேர்த்தால் 30 லட்சம் கன மீட்டர் கொள்ளும். அருமையான பொறியியல் வேலை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அது மேலிருந்து கிள்ளான் ஆற்றில் வரும் தண்ணீரைத்தான் பிடிக்கும். சுரங்கத்தின் வாயைத் தாண்டிய பிறகு, சௌகிட்டிலும் மஸ்ஜிட் இந்தியாவிலும் நேராகக் கொட்டும் மழைக்கு அங்கே வழியில்லை. கோம்பாக் ஆற்றுக்கும் பத்துமலையில் காவடிக்காரர்கள் குளிக்கும் பத்து ஆற்றுக்கும் உதவுவது பத்து, ஜிஞ்சாங் பக்கத்து வெள்ளத் தடுப்புக் குளங்கள்தாம். பத்து ஆறு கோம்பாக்கில் சேர்ந்து, கோம்பாக் மஸ்ஜிட் ஜாமெக்கில் கிள்ளான் ஆற்றோடு சேர்கிறது. ஆக ஸ்மார்ட் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் அதே நேரத்தில் மஸ்ஜிட் ஜாமெக்கில் தண்ணீர் ஏறுவதில் முரண்பாடு ஏதும் இல்லை.

2021 டிசம்பர் 18-ஆம் தேதி வெள்ளத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரை மேல் ஏறி நின்றது ஒரு மணி நேர மழையால் அல்ல. ஒரு நாளுக்கு மேல் விடாமல் பெய்து, ஏறத்தாழ ஒரு மாத மழை அந்தக் குறுகிய நேரத்துக்குள் கொட்டியது. அவ்வளவு நேரம் பெய்தால் புல்தரையும் ஊறிச் சிமெண்டு போலாகிவிடும். நான் இங்கே சொல்லும் வழிகள் வாராவாரம் வரும் திடீர் வெள்ளத்துக்குத்தான் மருந்து. அந்த மாதிரிப் பெருமழைக்கு, தாழ்நிலத்தில் வீடு கட்ட விடாமல் இருப்பதுதான் முதல் மருந்து.

மஸ்மா: உன் தண்ணீரை நீயே வைத்துக்கொள்

வடிகால் நீர்ப்பாசனத் துறை 2001-இல் நகர மழைநீரைக் கையாள்வதற்கான ஒரு கையேட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கட்டுமானத்துறையில் இருப்பவர்கள் சுருக்கமாக மஸ்மா என்பார்கள். 2012-இல் இரண்டாம் பதிப்பு வந்தது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் உள்ள அதன் சாரம் இதுதான்: ஒரு நிலத்தில் எதைக் கட்டினாலும், கட்டிய பிறகு அங்கிருந்து வெளியேறும் உச்ச ஓட்டம், கட்டுவதற்கு முன்பு இருந்ததைவிட அதிகமாகக் கூடாது.

எப்படி முடியும்? தண்ணீரை அந்த நிலத்திலேயே கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்து, சின்ன வாய் வழியாக மெதுவாக விடுவதால். ஐந்து ஹெக்டருக்கு மேற்பட்ட திட்டம் என்றால் குளம் வெட்டவேண்டும். அதற்குக் குறைந்த மனைகளில் தரைக்கடியிலோ கார் நிறுத்துமிடத்துக்குக் கீழோ ஒரு தொட்டி கட்டுவார்கள். அதை ஓ.எஸ்.டி. தொட்டி என்கிறார்கள். மழைக்கு நிறையும், மழை விட்ட பிறகு காலியாகும். அடுத்த மழைக்குள் காலியாகவில்லை என்றால் பிரயோஜனம் இல்லை. குடிநீர்த் தொட்டி நிறைந்திருந்தால் நல்லது, இது காலியாக இருந்தால்தான் நல்லது.

திட்டம் நல்லதுதான். ஓட்டை இரண்டு இடத்தில். மஸ்மாவுக்கு முன்பு கட்டிய தாமான்கள் ஏராளம். அவற்றில் இந்தத் தொட்டியே கிடையாது. இரண்டாவது, நம் வீட்டு டைல்ஸ். மேம்பாட்டு நிறுவனம் புல்தரையோடு கணக்குக் காட்டி அனுமதி வாங்குகிறது. சாவி கைமாறிய பிறகு 500 குடும்பங்கள் அந்தக் கணக்கை ஒவ்வொன்றாக மாற்றுகின்றன. யாரும் சட்டவிரோதமாகப் பெரிதாக எதையும் செய்யவில்லை, ஆனால் கூட்டிப் பார்ப்பாரும் இல்லை.

அடுக்குமாடியா குற்றவாளி?

எல்லாம் கொண்டோவால் வந்தது என்ற பேச்சுக்கு வருவோம். இதில்தான் குழப்பம் அதிகம்.

300 குடும்பங்களைக் குடியேற்ற வேண்டும். 20-க்கு 70 வரிசை வீடுகளாகக் கட்டினால் மனைகளுக்கு மட்டும் கிட்டத்தட்ட நான்கு ஹெக்டர். சாலை, பின்சந்து எல்லாம் சேர்த்தால் ஆறேழு ஹெக்டருக்குக் குறையாது. அதே 300 குடும்பங்களை ஒரே ஹெக்டரில் அடுக்கிவிடலாம். மிச்ச ஐந்து ஹெக்டர் காடாகவோ திடலாகவோ இருந்தால் ஆற்றுக்கு எவ்வளவு லாபம்! மாடி எத்தனை என்பது மழைக்குத் தெரியாது. தரை எவ்வளவு மூடியிருக்கிறது என்பதுதான் தெரியும்.

ஆனால் அந்த மிச்ச நிலம் மிச்சமாகவே இருக்கிறதா என்பது வேறு கேள்வி. நகரத் திட்டமிடலில் பிளாட் ரேஷியோ என்று ஓர் அளவு உண்டு. மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்பது அது. ஒரு ஹெக்டர் மனைக்கு 4 என்று கொடுத்தால், எல்லா மாடிகளையும் கூட்டி நான்கு ஹெக்டர் தளம் கட்டலாம். பொதுவாகக் கார் நிறுத்துமிடம் இந்தக் கணக்கில் சேராது. அதனால்தான் புதுக் கொண்டோக்களின் அடியில் ஆறு, ஏழு மாடிக்குக் காருக்காகவே ஒரு பெட்டி. மேலே கோபுரம் ஒல்லியாக நிற்கும். கீழே பெட்டி மனையின் எல்லை வரை பரந்து கிடக்கும். அதன் மேல் நீச்சல் குளமும் நாலு தென்னையும் வைத்து, விளம்பரத்தில் 'பசுமை வாழ்வு' என்று போடுவார்கள். அந்தத் தென்னைக்குக் கீழே இருப்பது காங்கிரீட். கோபித்துக்கொள்ள வேண்டியது 40-ஆவது மாடியை அல்ல, அந்தக் கார்ப் பெட்டியை.

ரயிலுக்கும் வெள்ளத்துக்கும் சம்பந்தம் வருவது இங்கேதான். எல்.ஆர்.டி. 1996-இலிருந்து ஓடுகிறது. காஜாங் எம்.ஆர்.டி. தடம் 2017-இல் முழுதாகத் திறந்தது, புத்ராஜெயா தடம் 2023-இல். நிலையத்துக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் வீடு இருந்தால் வீட்டுக்கு இரண்டு கார் தேவையில்லை. கார் குறைந்தால் பெட்டி சுருங்கும், மண் கொஞ்சம் வெளியே தெரியும். 'நிலையத்தைச் சுற்றி அடர்த்தியாகக் கட்டு, மற்ற இடத்தில் கை வைக்காதே' என்ற கொள்கையின் தர்க்கம் இதுதான். நிலையத்தின் பெயரைச் சொல்லி அடர்த்தியையும் வாங்கிக்கொண்டு, கார் நிறுத்துமிடத்தையும் குறைக்காமல் கட்டினால் அது பாதித் தர்க்கம். நம் ஊரில் பாதித் தர்க்கத்துக்குத்தான் கிராக்கி அதிகம்.

யாருக்கு வீடு, யாருக்குத் திடல்

பசுமை என்றால் எல்லாருக்கும் நல்லதுதானே என்று சொல்லிவிட்டுப் போக முடியாத ஓர் இடம் தாமான் ரிம்பா கியாரா என்ற பூங்கா. அந்தப் பூங்கா நிலத்தின் ஒரு பகுதியில் பல கோபுரங்கள் கட்ட மாநகர் மன்றம் 2017-இல் அனுமதி கொடுத்தது. சுற்றுவட்டார மக்கள் வழக்குப் போட்டார்கள். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அந்த அனுமதி செல்லாது என்று உறுதிசெய்தது. நகரத்தின் பசுமைக்குக் கிடைத்த பெரிய வெற்றி என்று கொண்டாடினார்கள், சரிதான்.

ஆனால் அதே இடத்தின் ஓரத்தில் புக்கிட் கியாரா தோட்டத்தின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் நெடுவீடுகளில் இருந்தன. பல பத்தாண்டுகளாக நிரந்தர வீட்டுக்குக் காத்திருந்தவர்கள், பெரும்பாலும் தமிழர்கள். அவர்களுக்கான வீடுகளும் அந்தக் கோபுரத் திட்டத்தோடு சேர்த்துத்தான் கட்டப்படவிருந்தன. திட்டம் வேண்டும் என்றால் பூங்கா போகும், வேண்டாம் என்றால் இவர்கள் வீடு போகும் என்ற நிலை. இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டியதே தவறு என்பது என் கருத்து. சில ஏக்கரில் அவர்களுக்குத் தனியாக அடுக்குமாடி கட்டினால் தண்ணீர்க் கணக்கில் பெரிய வித்தியாசம் வராது. மற்ற கோபுரங்களால்தான் வரும். வளர்ச்சியை நிர்வகிப்பது என்பதில் இந்தப் பிரித்தறியும் வேலையும் அடங்கும்.

நம் பக்கத்தில் ஒரு பலகை நட்டால்

2040 வரைக்குமான கோலாலம்பூர் உள்ளூர்த் திட்டம் 2025-இல் நடைமுறைக்கு வந்தது. எந்த மனையில் எது, எவ்வளவு அடர்த்தி என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அதை மீறி அடர்த்தியைக் கூட்டக் கேட்கும்போது, அந்த மனையில் அறிவிப்புப் பலகை வைத்து அக்கம்பக்கத்தாரின் ஆட்சேபத்தைக் கேட்பார்கள். அதில் எத்தனை மாடி என்று மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். மனையில் எத்தனை சதவீதம் மண்ணாகவே விடப்படுகிறது, கார் நிறுத்துமிடம் எத்தனை, ஓ.எஸ்.டி. தொட்டி எங்கே, அதன் வாய் எந்தக் கால்வாயில் திறக்கிறது என்று எழுதிக் கேளுங்கள். 'பசுமையை அழிக்காதே' என்ற கடிதத்துக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடலாம். இந்தக் கேள்விகளுக்கு எண்ணில் பதில் சொல்லியாகவேண்டும்.

தரை வீட்டுக்காரர்களுக்குச் செலவு குறைந்த வழி உண்டு. காரின் சக்கரம் ஓடும் இரண்டு பட்டைக்கு மட்டும் சிமெண்டு போட்டு, நடுவில் புல்லை விடலாம், அல்லது ஓட்டை வைத்த கல் பதிக்கலாம். கூரைத் தண்ணீரை ஒரு பீப்பாயில் பிடித்தால் செடிக்கும் கார் கழுவவும் ஆகும். கொசு வராமல் மூடி போடுங்கள், இல்லாவிட்டால் டிங்கிக்குத் தனியாக அபராதம் கட்டவேண்டி வரும்.

கொண்டோவில் இருப்பவர்களுக்கு வேலை இன்னும் எளிது. மஸ்மாவுக்குப் பிறகு கட்டிய கட்டடம் என்றால் பெரும்பாலும் உங்கள் காலடியில் ஓர் ஓ.எஸ்.டி. தொட்டி இருக்கும். கட்டி முடித்த நாளிலிருந்து மண்ணும் இலையும் உள்ளே சேர்ந்துகொண்டிருக்கும். பாதி மண் நிறைந்த தொட்டி பாதித் தண்ணீரைத்தான் பிடிக்கும். அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பாதுகாவலர் சம்பளம், லிஃப்ட் பழுது எல்லாம் பேசி முடித்த பிறகு, அந்தத் தொட்டியைக் கடைசியாக எப்போது தூர்வாரினார்கள் என்று நிர்வாகக் குழுவிடம் கேட்டுப் பாருங்கள். நீங்கள் மாதாமாதம் கட்டும் பராமரிப்புக் கட்டணத்தில் அந்த வேலையும் சேர்த்திதான்.